வகுத்தல் கணக்கு: தாளில் போடுவதா, பிரித்துப் பார்ப்பதா?

வேன் வாடகை 1,848 ரூபாய், போனவர்கள் 14 பேர். தலைக்கு எவ்வளவு?

பள்ளியில் சொல்லித்தந்த முறையில் 18-ல் 14 ஒரு தடவை போகும், மீதி 4. அடுத்த 4-ஐக் கீழே இறக்கினால் 44. மூன்று தடவை போக மீதி 2. 8-ஐ இறக்கினால் 28, இரண்டு தடவை. விடை 132. பேனா, தாள் இருந்தால் சிக்கலே இல்லை.

பிரித்துப் பார்க்கிறவர் வேறு மாதிரி போவார். ஆளுக்கு நூறு போட்டால் 1,400 ஆச்சு, மிச்சம் 448. இன்னும் முப்பது போட்டால் 420. மிச்சம் 28-க்கு ஆளுக்கு இரண்டு. அதே 132, பேசிக்கொண்டே வந்துவிடும்.

வாடகை 1,428 என்று வையுங்கள். தாளில் போடும் பிள்ளைகள் பலர் நடுவில் சுழியத்தை விட்டுவிட்டு 12 என்று எழுதிவிடுவார்கள். பிரிப்பவருக்கு அந்தத் தவறு வராது. முதலிலேயே நூறு கையில் இருக்கிறதே! அன்றாடக் கணக்குக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் 1,000 ரூபாயை 7 பேருக்குப் பைசா வரை பிரிக்கணும் என்றால் தாள்தான் சரி. 142 வரை இரண்டும் ஒன்று. மீதி 6-க்குப் புள்ளி வைத்து இறக்கிக்கொண்டே போனால் 142.857. மனசில் இதைச் செய்யப் பொறுமை வேண்டும்.

மீதியை என்ன செய்வது என்பதை இரண்டுமே சொல்லாது. 137 பேர், வேனுக்கு 12 இருக்கை: ஈவு 11, மீதி 5. அந்த ஐந்து பேருக்காகப் பன்னிரண்டாவது வேன் பிடித்தாக வேண்டும். அதே 137 ரூபாயில் 12 ரூபாய்ப் பேனா வாங்கினால் 11-தான் கிடைக்கும்.