ஹார்டுவேர் வாலட்: வருடக்கணக்கில் பயன்படுத்தும்போது எது தாங்குகிறது, எது தாங்குவதில்லை

ஹார்டுவேர் வாலட் என்பது பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயத்தின் ரகசியச் சாவியை உங்கள் கையிலேயே வைத்திருக்கும் சின்னச் சாதனம். அதை வாங்கப் பணத்தை எடுப்பதற்கு முன், கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் செயலியைத் திறந்து உங்கள் நாணயத்துக்கு வித்ட்ரா (வெளியே எடுக்கும்) வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய எக்ஸ்சேஞ்சுகள் எல்லா நாணயத்தையும் வெளியே எடுக்க விடுவதில்லை. சிலவற்றை ரூபாயாக விற்கத்தான் முடியும். அப்படியானால் எந்த வாலட்டும் உங்களுக்குப் பயன்படாது. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, ஆள் சேர்த்தால் கமிஷன் என்று விற்கும் நாணயங்களுக்கும் இதே சோதனை போதும். அவர்களுடைய செயலியில் மட்டும் எண்ணாகத் தெரிந்து, உங்கள் சாதனத்தின் முகவரிக்கு வர மறுக்கும் ஒன்றை நாணயம் என்று சொல்வதற்கில்லை.

எந்த மாடல் என்ற கேள்விக்கு மக்கள் செலவிடும் நேரம் தேவைக்கு மேல். லெட்ஜர் நானோ எஸ் பிளஸ், டிரெசர் சேஃப் 3 இரண்டுமே போதும். இரண்டிலும் பாட்டரி கிடையாது. பீரோவில் நெடுநாள் கிடந்தாலும் கேபிளைச் செருகியதும் எழுந்துவிடும். ப்ளூடூத்தும் பாட்டரியும் உள்ள நானோ எக்ஸ், எப்போதாவது எடுத்துப் பார்ப்பவர்களுக்கு வீண் தொல்லை. ஆனால் ஐபோன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நானோ எஸ் பிளஸ் ஒத்துவராது. ஆண்ட்ராய்டில் ஓடிஜி கேபிள் இருந்தால் வேலை நடக்கும். டிரெசரின் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) யாரும் படித்துப் பார்க்கக்கூடிய திறந்த மூலம், லெட்ஜருடையது முழுக்க அப்படியில்லை. 2023 மே மாதம் லெட்ஜர் ரெக்கவர் என்ற சந்தா சேவை அறிவிக்கப்பட்டபோது நடந்த சண்டையே இதைப் பற்றித்தான். சீட்டை, அதாவது வாலட்டை மீட்க உதவும் ரகசிய வார்த்தை வரிசையை (seed), துண்டாக்கி, மறையாக்கி வெளியே அனுப்ப ஃபர்ம்வேரால் முடியும் என்பது பலருக்கு அன்றுதான் உறைத்தது. சந்தா கட்டி நீங்களே ஒப்புதல் தந்தால்தான் அது இயங்கும். இருந்தும் மனது உறுத்தினால் டிரெசரை வாங்குங்கள், அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

வாங்கும் இடம் முக்கியம். தயாரிப்பாளரின் தளம், அல்லது அந்தத் தளத்தில் அங்கீகரிக்கப்பட்டவர் என்று பெயர் போட்டிருக்கும் இந்திய விற்பனையாளர், இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓஎல்எக்ஸ் மாதிரியான இடங்களில் பாதி விலைக்கு வருவது வேண்டவே வேண்டாம். டெலிவரிக்கு வீட்டு முகவரியைத் தராமல் கடை அல்லது அலுவலக முகவரியைத் தருவது நல்லது. 2020இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து சுமார் 2,72,000 பேரின் பெயர், முகவரி, போன் எண் வெளியே வந்தன. அடுத்த ஆண்டே சிலருக்குத் தபாலில் போலிச் சாதனமும் ‘உங்கள் பழையதை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்ற கடிதமும் வந்தன. ஓசூர் சிப்காட்டில் வேலை செய்பவர்கள் கம்பெனி முகவரிக்கு வரவழைப்பதில் தப்பே இல்லை.

பெட்டியைப் பிரித்ததும் பார்க்க வேண்டியது சீட் அட்டை. அதில் வார்த்தைகள் ஏற்கெனவே அச்சிட்டோ எழுதியோ இருந்தாலோ, சாதனம் பின் எண் (PIN) கேட்டபடியே எழுந்தாலோ, அது பொறி. செருகிய கேபிளைக் கழற்றிவிடுங்கள். புதிய சாதனம் உங்கள் கண் முன்னால்தான் வார்த்தைகளை உருவாக்க வேண்டும். டிரெசரில் யூஎஸ்பி வாய் மேல் ஹாலோகிராம் முத்திரை இருக்கும். லெட்ஜர் அப்படிப்பட்ட முத்திரையை நம்புவதில்லை, செயலியோடு இணைத்ததும் சிப்பையே கேட்டு அசல்தானா என்று சோதிக்கிறது. செயலியைத் தேடுபொறி விளம்பரத்திலிருந்து இறக்க வேண்டாம். முகவரியை நீங்களே தட்டுங்கள். ஸ்டோர் என்பதாலும் நம்பிவிட முடியாது: 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே போலி லெட்ஜர் லைவ் இருந்து, அதை லெட்ஜரின் அசல் செயலி என்று நம்பி வார்த்தைகளைத் தட்டியவர்கள் பணத்தை இழந்தார்கள்.

‘டிவைஸ் தெரியவில்லை’ என்ற புகாரில் பெரும்பாலானவை கேபிள் கோளாறு. பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கும் மலிவு கேபிள்களில் பல சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாது. பெட்டியோடு வந்த கேபிளைச் சாதனத்துடனேயே ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். அப்புறம் மின்வெட்டு. பாட்டரி இல்லாத சாதனத்தில் ஃபர்ம்வேர் ஏறும் நேரத்தில் டெஸ்க்டாப் அணைந்தால் சாதனம் பூட்லோடர் (மென்பொருள் ஏற்றும்) திரையில் நின்றுவிடும். திரும்ப இணைத்து மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும், சில சமயம் உள்ளே இருப்பது அழிந்துபோகும். அதனால் அப்டேட் எப்போதும் சார்ஜ் ஏறிய லேப்டாப்பில், சீட் பிரதி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டும்.

லெட்ஜரில் பின் 4 முதல் 8 இலக்கம். மூன்று முறை தவறினால் சாதனம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். எட்டு இலக்கமாகவே வையுங்கள், பிறந்த தேதி, வண்டி எண் தவிர்த்து.

இனி வருவதுதான் இந்தச் சாதனத்தின் உண்மையான பயன்பாட்டு அனுபவம். சிப் கெட்டுப் பணம் போனது என்று கேள்விப்படுவது அரிது. காகிதம் கெட்டுப் போவது சகஜம். 24 வார்த்தை இருந்தால் சாதனம் உடைந்தாலும் சில ஆயிரம் ரூபாயில் இன்னொன்று வாங்கி மீட்டுவிடலாம். வார்த்தை போனால் தயாரிப்பாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஓட்டு வீடுகளில் கரையான், மழைக்கால ஈரம், எலி மூன்றும் காகிதத்துக்கு எமன். ஜெல் பேனா மை ஈரத்தில் ஓடும். பால்பாயிண்ட் அல்லது பென்சில் தேவலாம். போட்டோ எடுக்கக் கூடாது, வாட்ஸப்பில் தனக்கே அனுப்பிக்கொள்ளக் கூடாது, ஜெராக்ஸ் கடைக்கும் போகக் கூடாது.

காகிதத்தை விட்டு எஃகுக்குப் போவதுதான் சரி. நம் பக்கத்தில் இது சுலபம். ஓசூரில் எந்த ஃபேப்ரிகேஷன் கடையிலும் 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள 304 ஸ்டெயின்லெஸ் தகட்டில் உள்ளங்கை அளவுத் துண்டு வெட்டித் தருவார்கள். டூல்ஸ் கடையில் 3 மில்லிமீட்டர் எழுத்து பஞ்ச் செட்டும் எண் பஞ்ச் செட்டும் கிடைக்கும். சீட் வார்த்தைகள் எடுக்கப்படும் பொதுப் பட்டியலான பிஐபி-39இல் 2,048 ஆங்கில வார்த்தைகள் உண்டு. முதல் நான்கு எழுத்தே எந்த வார்த்தை என்று காட்டிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். ஆக 24 வார்த்தைக்கு அதிகபட்சம் 96 எழுத்து, பக்கத்துக்கு 12 வரி. வரிசை எண்ணை மறக்காமல் அடியுங்கள், வரிசை மாறினால் வாலட் திறக்காது. மூன்றெழுத்து வார்த்தைக்கு நான்காம் இடத்தில் ஒரு கோடு. 304 அடிக்க அடிக்க இறுகும் உலோகம். ஒரே அடியில் பதிய வேண்டும், இரண்டாவது அடி நகர்ந்தால் எழுத்து இரட்டையாகும். அடியில் கனமான இரும்புக் கட்டை வையுங்கள், முதலில் வீண் துண்டில் பழகுங்கள். அலுமினியத் தகடு அடிக்க மெத்தென்று இருக்கும், ஆனால் 660 டிகிரியில் உருகிவிடும். 304 உருக 1,400 டிகிரி வேண்டும். பெயர்ப்பலகை லேசர் கடையில் கொடுத்து வெட்டுவது மட்டும் ஆகாது, கோப்பு அவர்கள் கம்ப்யூட்டரில் தங்கிவிடும். (கிருஷ்ணகிரிக்காரர்கள் கிரானைட்டில் செதுக்கலாமே என்று கேட்பதுண்டு. செதுக்கலாம், செதுக்குபவர் படிக்கத் தெரியாதவராக இருந்தால்!)

மறைப்பதற்காக வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கும் பழக்கம் சிலருக்கு. வேண்டாம். ‘கேஸ்’ என்று எழுதியிருந்தால் அது எரிவாயுவா, வழக்கா? இரண்டுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 12 வார்த்தை ஒரு வீட்டில், மீதி 12 இன்னொரு வீட்டில் என்று பிரிப்பதும் புத்திசாலித்தனம் போலத் தெரியும், ஆனால் இரண்டில் எது போனாலும் எல்லாம் போகும். முழுப் பிரதியாக இரண்டு வையுங்கள்: ஒன்று தருமபுரி வீட்டில், ஒன்று வேறு ஊரில் அல்லது வங்கி லாக்கரில். லாக்கரில் தீ, திருட்டு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கோடு முடிகிறது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் அது இரண்டாவது பிரதிக்கான இடம்.

பிரதி வெளியே போய்விடும் என்ற பயம் இருந்தால் பாஸ்பிரேஸ், அதாவது சீட்டுக்கு மேல் நீங்களே வைக்கும் கூடுதல் ரகசியச் சொல், சேர்க்கலாம். 2020 ஜனவரியில் கிராக்கன் என்ற எக்ஸ்சேஞ்சின் ஆய்வாளர்கள், டிரெசர் ஒன், மாடல் டி இரண்டும் கையில் கிடைத்தால் சுமார் 15 நிமிடத்தில் சீட்டை எடுத்துவிடலாம் என்று காட்டினார்கள். பாஸ்பிரேஸ் சாதனத்தில் சேமிக்கப்படாததால் அது தப்பியது. ஆனால் பாஸ்பிரேஸில் ‘தவறு’ என்று ஒன்றே கிடையாது. எதைத் தட்டினாலும் ஒரு வாலட் திறக்கும், தப்பாகத் தட்டினால் காலியாக. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, கடைசியில் தெரியாமல் விழுந்த இடைவெளி எல்லாமே கணக்கு. எழுதி வைக்காத பாஸ்பிரேஸைத் திருடனை விட மறதி முதலில் பறித்துக்கொள்ளும். எழுதுங்கள், சீட் இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

பெரிய தொகை ஏற்றுவதற்கு முன் ஒரு ஒத்திகை கட்டாயம். சின்னத் தொகை ஒன்றை வரவழையுங்கள், முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டுமென்றே பின் எண்ணை மூன்று முறை தவறாகப் போட்டு லெட்ஜரில் இருப்பதை அழித்துவிடுங்கள். டிரெசர் என்றால் செட்டிங்ஸில் வைப் (wipe, முழுதாக அழித்தல்) செய்யுங்கள். காகிதத்தைத் தொடாமல் எஃகுத் தகட்டைப் பார்த்து மட்டும் மீட்டெடுங்கள். அதே முகவரி வந்தால் தகடு சரி. வேறு செயலியில் மீட்கும்போது இருப்பு பூஜ்யம் என்று காட்டினால் பதற வேண்டாம். பெரும்பாலும் கணக்கு வகை மாறியிருக்கும்: பிட்காயினில் நேட்டிவ் செக்விட் என்பதைத் தேர்ந்தால் பிசி1 (bc1) என்று தொடங்கும் முகவரி, பழைய வகை என்றால் 1 அல்லது 3. வகையை மாற்றிப் பார்த்தால் பணம் தெரியும்.

பணம் வரும்போதும் போகும்போதும் நம்ப வேண்டியது சாதனத்தின் சின்னத் திரையை. கம்ப்யூட்டரில் காப்பி செய்த முகவரியை மாற்றி ஒட்டும் வைரஸ் இருக்கிறது. பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் உங்கள் முகவரி போலவே முதலும் கடைசியும் பொருந்தும் முகவரியிலிருந்து பூஜ்யத் தொகை அனுப்பி, நீங்கள் அதைக் காப்பி செய்யக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் நான்கு, கடைசி நான்கு என்று மட்டும் பார்க்காமல் நடுவிலும் சில எழுத்துகளை ஒப்பிடுங்கள். டாலர் மதிப்போடு கட்டிய நாணயமான யூஎஸ்டிடி எடுக்கும்போது நெட்வொர்க்கும் பொருந்த வேண்டும். டிரான் நெட்வொர்க் வழியாக டிஆர்சி-20இல் வந்த யூஎஸ்டிடியைத் திரும்ப அனுப்பக் கட்டணத்துக்குக் கொஞ்சம் டிஆர்எக்ஸ் நாணயம் வேண்டும், ஈதீரியம் நெட்வொர்க்கின் இஆர்சி-20 என்றால் ஈதர் வேண்டும். அது இல்லாமல் பணம் கண்ணுக்குத் தெரியும், நகராது.

திரையில் புரியாத எண் வரிசை மட்டும் வந்து ‘பிளைண்ட் சைனிங்’ (எதற்கென்று பார்க்காமலே கையெழுத்து) கேட்டால் மறுத்துவிடுங்கள். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலருக்கு மேல் போனதும், 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் போனதும் ஹார்டுவேர் வாலட் வைத்துக் கையெழுத்திட்ட இடங்களில்தான். கம்ப்யூட்டர் திரை ஒன்றைக் காட்டியது, கையெழுத்து வேறொன்றுக்கு விழுந்தது. டீஃபை (வங்கி, எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் நேரடியாக நடக்கும் கிரிப்டோ கடன், வர்த்தகம்) விளையாட ஆசை இருந்தால் அதற்குத் தனிச் சீட்டில் தனி வாலட், சின்னத் தொகையோடு.

வாரா வாரம் எஸ்ஐபி போல பிட்காயின் வாங்கி ஒவ்வொன்றையும் உடனே வாலட்டுக்கு அனுப்புபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு வரவும் தனித் துண்டாகக் கிடக்கும். செலவழிக்கும்போது ஒரு துண்டுக்குச் சுமார் 68 விபைட் (பரிவர்த்தனை அளவின் அலகு) இடத்துக்குக் கட்டணம். 50 துண்டு சேர்ந்தால் 3,400 விபைட். விபைட்டுக்கு 20 சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) என்றால் 68,000 சடோஷி கட்டணத்துக்கே போகும். எக்ஸ்சேஞ்சில் சில மாதம் சேரவிட்டு ஒரே தடவையாக எடுப்பது மலிவு.

உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து உங்கள் வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை ஆகாது. 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள 30 சதவீத வரி லாபத்தில் விற்கும்போதுதான், 2022 ஜூலை 1 முதல் உள்ள 1 சதவீத டிடிஎஸ்ஸும் விற்பனையில்தான். ஆனால் வாங்கிய விலைக்கான அறிக்கையை அன்றே இறக்கி வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் மூடிவிட்டால் வாங்கிய விலையை நிரூபிக்க வழியிருக்காது, வாங்கிய விலை ஒன்றைத்தான் கழிக்க விடுகிறார்கள்.

வீட்டில் ஒருவருக்காவது ஒரு கடிதம் எழுதி வையுங்கள், தமிழில். என்ன சாதனம், தகடு எங்கே, யாரை நம்பிக் கூப்பிடலாம், எந்த போன் அழைப்புக்கும் எந்த இணையப் பக்கத்திலும் வார்த்தைகளைத் தரக் கூடாது, சாதனத்தின் பொத்தான்களில் மட்டுமே தட்ட வேண்டும் என்பது வரை. வார்த்தைகளை அந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். யாராவது ஏமாற்றியது தெரிந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பழைய சாதனத்தை மாற்றும்போது வைப் செய்து, புதியதில் எல்லாக் கணக்கும் தெரிகிறதா என்று பார்த்த பிறகே ஒதுக்குங்கள். விற்காதீர்கள், கிடைக்கும் நானூறு ஐந்நூறுக்கு அது தகாது.