தொடக்கப்பள்ளிக்கு எந்த ஆசிரியர்? மூன்று பின்னணிகள், இரண்டு வழிகள்

ஓர் ஆசிரியருக்கு இருபது வருட அனுபவம் என்றதும் பெற்றோருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த இருபது வருடமும் எங்கே கழிந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சி முடித்த கையோடு ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வந்து அங்கேயே நிலைத்தவர் ஒரு வகை. ஒன்றிலிருந்து ஐந்து வரை மாறி மாறி எடுத்தவர் இன்னொரு வகை. ஆய்வுக்கூடத்திலோ கணக்குப் பிரிவிலோ வேலை பார்த்துவிட்டு நடுவயதில் கற்பிக்க வந்தவர் மூன்றாவது வகை.

முதலாமவரின் பலம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பிள்ளை எந்த இடத்தில் தடுக்கும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம் வருகிறது, அதன் ஒலியோ மெய்க்குப் பிறகுதான் வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய பிள்ளை அங்கே குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘கொ’ வந்தால் இரண்டு பக்கமும் குறி. பல வருடம் முதல் வகுப்பெடுத்தவர் இதை ஒரே நாளில் சொல்லி முடிக்க மாட்டார். கொம்பை மட்டும் தனியாகக் காட்டுவார், பல எழுத்துகளோடு சேர்த்து வாசிக்க வைப்பார், அதன் பிறகுதான் அடுத்த குறிக்குப் போவார். பாடத்தை அறிந்திருப்பது வேறு, அதைக் கற்பிக்கும் விதத்தை அறிந்திருப்பது வேறு என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் பிரித்துக் காட்டினார். அந்த இரண்டாவது அறிவு இவரிடம்தான் அதிகம்.

மூன்றாமவருக்கு அந்த அறிவு மெதுவாகத்தான் வரும். தனக்குச் சுலபமாக வரும் விஷயத்தில் எத்தனை படிகள் ஒளிந்திருக்கின்றன என்று அவருக்குத் தொடக்கத்தில் தெரிவதில்லை. ஆனால் அளவீடு என்றால் அளந்து வேலை செய்தவராகப் பேசுவார். “எனக்கும் தெரியாது, கண்டுபிடிப்போம்” என்று கூச்சமில்லாமல் சொல்லுவார். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

நடுவில் இருப்பவரை நாம் குறைவாக மதிக்கிறோம். நான்காம் வகுப்பில் பின்னம் புரியாததற்குக் காரணம், சின்ன வகுப்பில் சமமாகப் பங்கிடப் பழகாததாக இருக்கலாம். அந்தத் தொடர்பைப் பிடிப்பவர் இவர்.

சரி, கற்பிக்கும் வழிக்கு வருவோம். விளக்கிச் சொல்லி, செய்து காட்டி, கூடவே இருந்து பயிற்சி தருவது ஒன்று. பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்க விடுவது மற்றொன்று. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய ‘ஃபாலோ த்ரூ’ திட்டம் பல கற்பித்தல் முறைகளை ஒப்பிட்டது. நேரடியாகக் கற்பிக்கும் முறை அடிப்படைத் திறன்களில் முன்னால் நின்றது. அதே திட்டத்தில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரே முறையைப் பின்பற்றிய இடங்களுக்குள்ளேயே பலன் பெரிதும் வேறுபட்டது. முறையின் பெயரை மட்டும் கேட்டுப் பள்ளியைத் தேர்வு செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் போன்றவர்களின் ஆய்வுகள் தரும் விளக்கம் எனக்கு ஏற்புடையது. ஒரு விஷயத்துக்குப் புதியவருக்கு வழிகாட்டல் அதிகம் வேண்டும். ஓரளவு தேறியவருக்கு அதே வழிகாட்டல் சுமையாகிவிடும். ஆகவே எது சிறந்தது என்பதைவிட எப்போது என்பதுதான் கேள்வி. மான்டிசோரி என்றால் பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். 1907இல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மான்டிசோரியின் முறையில், கருவியை எப்படிக் கையாள்வது என்று ஆசிரியர் முதலில் நிதானமாகச் செய்து காட்டுகிறார். சுதந்திரம் அதற்குப் பிறகுதான்.

எந்தப் பின்னணியிலும் பார்க்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். செலவே இல்லாத மாற்றம் இது!

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வகுப்புக்குச் சின்ன வகுப்பிலேயே பழுத்தவர், விளக்கிக் கற்பிக்கும் வழியோடு. நான்கு, ஐந்துக்கு வேறு துறையிலிருந்து வந்து சில வருடம் தேறியவர், தேடல் வழியோடு. ஒருவர்தான் கிடைப்பார் என்றால் முதலாமவரைத்தான் எடுப்பேன். வாசிப்பு வராத பிள்ளை நான்காம் வகுப்பில் எதைத் தேடிப் படிக்கும்?

பள்ளிக்குப் போனால் ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: “52இல் 27 போக 35 என்று ஒரு பிள்ளை எழுதினால் என்ன செய்வீர்கள்?” கவனக்குறைவு என்று சொல்பவரிடம் இன்னும் விசாரியுங்கள். 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாமல், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது என்று உடனே கண்டுபிடித்து, பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டுவேன் என்கிறவரிடம் பிள்ளையை விடலாம்.