குதிரையோடு நுவரெலியாவுக்கு: சிறு ட்ரெய்லரா, கூஸ்நெக்கா, லொறியா?

ஏப்ரல் பந்தயக் காலம் நெருங்கும்போது, கொழும்பில் ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர்கள் அவற்றை நுவரெலியாவுக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். வாடகை லொறிக்காகக் காத்திருந்து சலித்தவர்கள் சொந்தமாக ஒரு குதிரை ட்ரெய்லர் வாங்கலாம் என்றும், அதிலேயே ஒருவர் படுத்துறங்கச் சிறிது இடம் இருந்தால் குதிரையைத் தனியே விட்டுவிட்டு விடுதி தேடி அலைய வேண்டியதில்லை என்றும் எண்ணுகிறார்கள். எண்ணம் நியாயமானதுதான். ஆனால் பலர் கட்டிலைப் பார்த்து வண்டியைத் தெரிவு செய்கிறார்கள். மலை இறக்கத்தை நினைத்துத் தெரிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்துக்கு ஏறி, அதே உயரத்தை உயிருள்ள சுமையோடு இறங்கிவர வேண்டிய வண்டி இது.

நம் முன்னே மூன்று தெரிவுகள் உள்ளன. முதலாவது, டபுள் கெப் வண்டியின் பின்புறக் கொக்கியில் மாட்டி இழுக்கும், இரண்டு குதிரைகளுக்கான ட்ரெய்லர். இதன் முன்பகுதியில் சேணங்கள் வைக்கவும் மடக்குக் கட்டில் போடவும் ஒரு சிற்றறை இருக்கும். இரண்டாவது, அமெரிக்காவில் பெருவழக்காக உள்ள கூஸ்நெக். இதன் நீண்ட கழுத்து இழுக்கும் வண்டியின் பின்தட்டுக்கு மேலே வந்து, பின் அச்சுக்கு நேரே பூட்டப்படும், அந்தக் கழுத்தின் மேற்பகுதியே படுக்கையாகிவிடும். மூன்றாவது, இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கன்டர் போன்ற சிறிய லொறியின் மேல் குதிரைக்கென்றே கட்டப்பட்ட கூடு; சாரதி அறைக்குப் பின்னால் ஒரு தடுப்பெழுப்பி அதில் ஆள் தங்க இடம் ஒதுக்கலாம்.

கூஸ்நெக்கை முதலில் தள்ளிவிடலாம். நேரான நெடுஞ்சாலையில் இதைவிட நிதானமாக ஓடும் ட்ரெய்லர் வேறில்லை என்பதை மறுக்க மாட்டேன். சுமை பின் அச்சின் மேல் நேராக இறங்குவதால் வாலாட்டம், அதாவது ட்ரெய்லர் பக்கவாட்டில் அங்குமிங்கும் ஆடுவது, மிகக் குறைவு. ஆனால் தங்குமிடத்துடன் கூடிய இத்தகைய ட்ரெய்லர் வெறுமையாகவே பெரும்பாலும் 2,700 கிலோவைத் தாண்டும். இரண்டு குதிரைகளும் தண்ணீரும் தீவனமும் சேர்ந்தால் 4,000 கிலோவாகிவிடும். நம் சாலைகளில் ஓடும் டபுள் கெப் வண்டிகளில் வலுவானவற்றுக்கும் இழுவை எல்லை 3,500 கிலோவைத் தாண்டுவதில்லை. அவற்றின் பின்தட்டும் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளமே என்பதால், கொண்டை ஊசி வளைவில் முழுதாக ஒடிக்கும்போது ட்ரெய்லரின் மூக்கு சாரதி அறையின் பின்கண்ணாடியில் இடிக்கும் அபாயமும் உண்டு. றம்பொடை வளைவுகளில் எதிரே பஸ் வரும்போது, உள்வட்டத்தை வெட்டிக்கொண்டு திரும்பும் நீண்ட ட்ரெய்லருக்கு ஒதுங்க இடமே கிடைக்காது.

ஆகவே உண்மையான போட்டி சிறு ட்ரெய்லருக்கும் லொறிக்கும் இடையில்தான்.

சிறு ட்ரெய்லரின் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். வெறும் ட்ரெய்லர் சுமார் 950 கிலோ என்றும், பந்தய இனமான தரோபிரெட் குதிரை ஒன்று 450 முதல் 500 கிலோ என்றும் கொண்டால், இரண்டு குதிரைகளோடு 1,900 கிலோ வந்துவிடுகிறது. அதன்மேல் கட்டில், மின்கலம், சேணங்கள், வைக்கோல், நூறு லீற்றர் தண்ணீர் என்று முன்னறையில் ஏற்றினால் மேலும் 300 கிலோ கூடும். ஆக மொத்தம் 2,200 கிலோ. இழுக்கும் டபுள் கெப் வண்டியோ 2,000 கிலோ சுமார். வண்டியின் புத்தகத்தில் எழுதியுள்ள இழுவை எல்லைக்குள் இது அடங்கும் என்பது மெய்யே. ஆயினும் தன்னைவிடக் கனமான, அதுவும் உள்ளே நின்றுகொண்டு கால் மாற்றி வைக்கும் உயிர்களை ஏற்றிய பெட்டியொன்று பின்னாலிருந்து தள்ள, ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்குவதை நான் விரும்பமாட்டேன். ஒரு குதிரையை மட்டும் ஏற்றினால் மொத்த எடை 1,750 கிலோவுக்குள் நின்றுவிடும். அப்போது இதே ட்ரெய்லர் முற்றிலும் நம்பத்தகுந்த வண்டியாகிறது. அந்த ஒரு குதிரையை வலப்பக்க அறையில் நிறுத்த வேண்டும், ஏனெனில் நாம் இடப்புறமாக ஓட்டுவதால் சாலையின் சரிவு இடது ஓரத்தை நோக்கியே இருக்கும்.

தண்ணீர்த் தாங்கி எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அது ட்ரெய்லரின் மூக்கில் அமைந்து நிரம்பியிருந்தால் கொக்கியின் மேல் இறங்கும் எடை கூடி, கெப் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும். மாறாகப் பின்புறம் கனத்தால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். வாலாட்டம் வந்தால் பிரேக் மிதியை அழுத்தாமல் வேகமுடுக்கியை மெல்ல விட வேண்டும்; மின்சார பிரேக் உள்ளவர்கள் ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் தொட்டு அதை நேராக்கலாம்.

பிரேக் விடயத்தில்தான் ஐரோப்பிய ட்ரெய்லரும் அமெரிக்க ட்ரெய்லரும் பெரிதும் வேறுபடுகின்றன. ஐரோப்பிய வகையில், முன்வண்டி வேகம் குறைந்ததும் ட்ரெய்லர் முன்னோக்கித் தள்ள, அந்தத் தள்ளுவிசையே அதன் பிரேக்கைப் பிடிக்கச் செய்கிறது. மின்கம்பிச் சிக்கல் ஏதுமில்லாத எளிய முறைதான்; ஆனால் தாழ்ந்த கியரில் நீண்ட இறக்கத்தில் வரும்போது தள்ளுவிசை நிற்பதேயில்லை என்பதால், பிரேக் உரசிக்கொண்டே இருந்து சூடேறிப் பிடி தளர்ந்துபோகக்கூடும். அமெரிக்க வகையில், சாரதிக்கு அருகிலுள்ள சிறு கருவி ஒன்று ட்ரெய்லரின் பிரேக்கை மின்சாரத்தால் இயக்குகிறது. சுமைக்கேற்ப அதன் வலுவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். மலைப்பாதைக்கு இதுவே மேல் என்பேன். ஆனால் கொழும்பின் உப்புக்காற்று அதன் இணைப்புகளை அரித்துவிடும் என்பதால், ஒவ்வொரு பயணத்துக்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கொக்கியின் உருண்டையும் இரு வகையில் வேறுபடும்: ஐரோப்பியது 50 மில்லிமீற்றர், அமெரிக்கச் சிறு ட்ரெய்லர்களில் பொதுவாக 2 அங்குலம், பெரியவற்றில் 2 5/16 அங்குலம். கராஜ் ஒன்றில், 2 5/16 அங்குலக் கவ்வியை 50 மில்லிமீற்றர் உருண்டையின் மேல் வைத்து, “பூட்டிவிட்டது” என்று சொல்லி ஒருவர் அனுப்பிவைக்கப் பார்த்ததைக் கண்டிருக்கிறேன். முதல் பெரிய பள்ளத்திலேயே கழன்றிருக்கும். ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகவே பிடிக்கச் செய்யும் மெல்லிய கம்பியும் கட்டாயம் இருக்க வேண்டும். அதை உருண்டையில் சுற்றாமல் வண்டியின் உடலிலேயே மாட்ட வேண்டும்.

லொறிக்கு இந்தக் கவலைகள் எவையும் இல்லை. நான்கைந்து டன் எடையோடு மலை இறங்குவதற்கென்றே அதன் பிரேக்குகள் அமைந்துள்ளன, என்ஜினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கும் துணைக்கு உண்டு. ஆனால் குதிரையின் பக்கம் நின்று பார்த்தால் குறைகள் தெரியும். லொறியின் தரை நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் இருப்பதால், இரண்டே கால் மீற்றர் நீளமான ஏறுபலகைகூட ஏறத்தாழ 26 பாகைச் சரிவில் நிற்கும். ட்ரெய்லரின் தாழ்ந்த தரைக்கு அதில் அரைவாசிச் சரிவு போதும். முதுகுவலி உள்ள குதிரையும் இளங்குதிரையும் இங்கேதான் மறுத்து நிற்கும். பட்டைச் சுருள்களின் மேல் ஓடும் லொறியின் குலுக்கலும் அதிகம். குதிரையின் எடையில் ஏறத்தாழ அறுபது வீதத்தை முன்கால்கள் தாங்குவதால், ஒவ்வொரு பிரேக்கின்போதும் சோர்வு அங்கேதான் சேர்கிறது. இரு பழுதுகளையும் பணம் கொடுத்துத் தீர்க்கலாம்: நீண்ட ஏறுபலகை, தடித்த இறப்பர் விரிப்பு, மென்மையான சுருள்.

எந்த வண்டியானாலும் காற்றோட்டத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அவிசாவளையில் வியர்த்து நனைந்த குதிரை, சில மணி நேரத்தில் தலவாக்கலையின் குளிர்காற்றில் நிற்கும். மேலே திறக்கக்கூடிய சாளரங்களும், கையெட்டும் இடத்தில் ஒரு போர்வையும் வேண்டும். தலையைத் தாழ்த்த முடியாதபடி இறுகக் கட்டிய குதிரை மூச்சுக்குழாயில் சேரும் தூசியையும் சளியையும் வெளியேற்ற முடியாமல் நுரையீரல் தொற்றுக்கு ஆளாகலாம். ஆகவே கித்துல்கலையில் நிறுத்தித் தலைக்கயிற்றைத் தளர்த்தித் தண்ணீர் காட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

தங்குமிடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு கட்டில், ஒரு விளக்கு, மழைக்கு ஒழுகாத கூரை, குதிரையறையின் அமோனியா நெடி உள்ளே வராத முழுச்சுவர்: இவை போதும். நுவரெலியாவின் குளிருக்கு அஞ்சிக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே காஸ் அடுப்பு மூட்டக் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஓடும் ட்ரெய்லருக்குள் ஆள் இருப்பது கூடவே கூடாது. லொறியிலோ பராமரிப்பாளர் சாரதிக்கு அருகில் அமர்ந்து குதிரையின் அசைவைக் கேட்டுக்கொண்டே வரலாம். இது பெரிய வசதி.

என் தெரிவு இதுதான்: ஏற்கெனவே வலுவான டபுள் கெப் வைத்திருந்து ஒரு குதிரையை மட்டும் ஆண்டுக்குச் சில முறை கொண்டுசெல்பவர், மின்சார பிரேக்குடன் கூடிய சிறு ட்ரெய்லரை வாங்கலாம். இரண்டு குதிரைகளும் கட்டிலும் வேண்டும் என்பவர் லொறிக்கே செல்ல வேண்டும்.

பழைய ட்ரெய்லர் வாங்குவோர் இறப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டுப் பலகைத் தரையைக் கீழிருந்தும் குத்திப் பார்க்க வேண்டும், ஏனெனில் மூத்திரமும் நம் ஈரக்காற்றும் சேர்ந்து அதை உள்ளுக்குள்ளேயே உளுக்கச் செய்துவிடும். டயரின் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு ஆண்டு கடந்த டயரை மாற்றிவிட வேண்டும். முற்பணம் கொடுப்பதற்கு முன் நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சென்று, அந்த ட்ரெய்லரைப் பதிவு செய்ய முடியுமா என்பதையும், உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு அந்த எடையை இழுக்க இடமளிக்கிறதா என்பதையும் நேரில் கேட்டறியுங்கள்.