சிங்கப்பூரில் கொண்டோ வாடகை: முகவர், ஒப்பந்தம், முன்பணம் பற்றிய நீண்ட கால அனுபவம்

சென்னையிலிருந்து வேலை மாற்றலாகிச் சிங்கப்பூர் வந்தது முதல் எங்கள் குடும்பம் கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி வளாக வீடுகளிலேயே வாடகைக்கு இருந்து வருகிறது. முதலில் சிமெய், பிறகு தானா மேரா, இப்போது ஈஸ்ட் கோஸ்ட். சாங்கி வர்த்தகப் பூங்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலரும் வீடு தேடும் வட்டாரம்தான் இது. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. இந்த ஊரின் வாடகைச் சந்தை ஒழுங்கானது, அதன் விதிகளும் தெளிவானவை. ஆனால் அந்த விதிகள் காப்பாற்றுவது கையெழுத்திட்ட தாளில் இருப்பதை மட்டுமே. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது முகவர் வாய்மொழியாகத் தரும் உறுதிகள், வீட்டைக் காலி செய்யும் நாளில் யார் நினைவிலும் இருப்பதில்லை.

முகவர்களிடமிருந்து தொடங்குகிறேன். இத்தொழிலை முறைப்படுத்த 2010இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, சிஇஏ என்று எல்லாரும் அழைக்கும் சொத்து முகவர்கள் மன்றம் அமைக்கப்பட்டது. அதில் பதிவு பெறாத எவரும் முகவராக வேலை பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முகவருக்கும் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணையோ கைப்பேசி எண்ணையோ மன்றத்தின் இணையதளத்தில் இட்டால், அவர் பதிவு பெற்றவரா, எந்த நிறுவனத்தின் கீழ் இயங்குபவர் என்பது உடனே தெரிந்துவிடும். கைப்பேசி எண்ணைச் சரிபார்ப்பதுதான் மிக முக்கியம். உண்மையான முகவரின் பெயர், படம், பதிவு எண் அனைத்தையும் எடுத்துப் போட்டு, தொலைபேசி எண்ணை மட்டும் தன்னுடையதாக மாற்றிக்கொள்ளும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே முன்பணம் அனுப்பச் சொல்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. ஊரிலிருந்து வருவதற்கு முன்பே வீட்டை உறுதிசெய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் இருப்பவர்கள்தான் இதில் பெரும்பாலும் சிக்குகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய அடுத்த செய்தி, விளம்பரத்தைப் பார்த்து நாம் அழைக்கும் முகவர் அநேகமாக வீட்டு உரிமையாளரின் முகவர் என்பது. ஒரே பரிவர்த்தனையில் இரு தரப்புக்கும் ஒருவரே முகவராக இருப்பதைச் சட்டம் தடை செய்கிறது. அதனால் அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், உரிமையாளரின் நலனைப் பார்ப்பதுதான் அவருடைய கடமை. அதில் தவறு காண ஒன்றுமில்லை. நமக்கென்று ஒரு முகவரை வைத்துக்கொண்டால், இரண்டாண்டு ஒப்பந்தங்களில் உரிமையாளர் கொடுக்கும் ஒரு மாத வாடகைத் தரகை இரு முகவர்களும் பகிர்ந்துகொள்வது பரவலான வழக்கம். இது சட்டம் வகுத்த கட்டணமன்று. ஓராண்டு ஒப்பந்தத்திலும் வாடகை குறைவான வீடுகளிலும் நம் முகவருக்கு நாமே கட்டணம் கொடுக்க நேரலாம் என்பதால், முதல் வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன்பே இதை எழுத்தில் பேசி முடித்துவிட வேண்டும்.

எங்களுக்கு அமைந்தவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. அவர் செய்த உதவிகளில் பெரியது, எங்கள் மனம் புண்படாமல் பார்த்துக்கொண்டது. அவரைச் சந்திப்பதற்கு முன்பு நான் நேரடியாக அழைத்த பல வீடுகளில் உரையாடல் ஒரே தடத்தில் சென்றது. எந்த ஊர் என்று கேட்பார்கள். தினமும் சமைப்பீர்களா என்று கேட்பார்கள். பிறகு, “ஓனரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்பார்கள். அதற்கு மேல் அழைப்பு வராது. ‘லேசான சமையல் மட்டும்’ என்று விளம்பரத்திலேயே போடுபவர்களும் உண்டு. இனத்தைச் சொல்லி விலக்கும் விளம்பரங்களைப் போடக் கூடாது என்று முகவர்களுக்கு அறிவுறுத்தல் இருந்தும், தொலைபேசியில் நடப்பதை அது எட்டவில்லை. வாடகையைத் தவறாமல் கொடுக்கக்கூடிய, வீட்டைத் துடைத்து வைத்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தை, அது தாளிக்கும் எண்ணெயை வைத்து மதிப்பிடுவது மிகவும் வருத்தத்துக்குரியது. எங்கள் முகவர் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் குறிக்கும் முன்பே, “இந்தியக் குடும்பம், தினமும் சமைப்பார்கள், சம்மதமா” என்று கேட்டுவிடுவார். சம்மதம் என்றவர்களின் வீடுகளை மட்டுமே நாங்கள் பார்த்தோம். காலி செய்யும்போது புகைபோக்கியையும் திரைச்சீலைகளையும் தொழில்முறைத் துப்புரவாளர்களைக் கொண்டு சுத்தம் செய்து தருவோம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் நாமே முன்வந்து சேர்க்கலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். தயங்கிய உரிமையாளர் ஒருவரின் மனத்தை அந்த ஒரு வரி மாற்றியது.

சமையலைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிதாகக் கட்டப்படும் கொண்டோக்களில் பலவற்றில் சமையலறை திறந்த அமைப்பில், வரவேற்பறையோடு சேர்ந்து இருக்கும். படத்தில் அழகாகத் தெரியும். மிளகாய் வறுத்தால் சோபா வரை நெடி போகும். தொண்ணூறுகளில் கட்டப்பட்ட வளாகங்களில் நீச்சல்குளமும் உடற்பயிற்சிக் கூடமும் சற்றுப் பழையனவாக இருந்தாலும், கதவு வைத்த சமையலறையும், துணி உலர்த்தப் பின்கட்டும், பெரிய அறைகளும் கிடைக்கும். நம் குடும்பங்களுக்கு நான் பழைய வளாகங்களையே பரிந்துரைப்பேன்.

வாடகை பேசுவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய தகவல் இலவசமாகவே கிடைக்கிறது. வாடகை ஒப்பந்தங்களுக்கு உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் முத்திரை வரி கட்ட வேண்டும். அப்படிப் பதிவாகும் ஒப்பந்தங்களின் விவரங்களை நகர மறுசீரமைப்பு ஆணையம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. வீட்டு எண் இராது; ஆனால் வளாகத்தின் பெயர், பரப்பளவு எந்த வரம்புக்குள், ஒப்பந்தம் தொடங்கிய மாதம், மாத வாடகை எல்லாம் இருக்கும். விளம்பரத்தில் போடுவது கேட்கும் தொகை, இந்தப் பட்டியலில் இருப்பது கொடுத்த தொகை. இரண்டுக்கும் நடுவே சில வளாகங்களில் சில நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வித்தியாசம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2022இல் இந்தப் பட்டியல்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. அந்த ஒரே ஆண்டில் தனியார் வீடுகளின் வாடகைக் குறியீடு 29.7 விழுக்காடு உயர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் கட்டுமானங்கள் தாமதமாகி, புது வீடு வாங்கியவர்களும் வாடகை வீடு தேடியதும், எல்லை திறந்தபின் வெளிநாட்டினர் திரண்டு வந்ததும் அதற்குக் காரணங்கள். எங்கள் ஒப்பந்தம் முடியும் தறுவாயில், உரிமையாளரின் முகவர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வாடகை கேட்டு, ஒரு வாரத்தில் பதில் சொல்லச் சொன்னார். அதே வளாகத்தில், அதே பரப்பளவு வரம்பில், முந்தைய மூன்று மாதங்களில் பதிவான ஒப்பந்தங்களைத் தேதிவாரியாக எடுத்து அனுப்பினோம். கோபமாக ஒரு சொல்கூட எழுதவில்லை. பெரிய உயர்வுதான், ஆனால் சந்தையில் நிலவிய உயர்வுக்கு அவர் இறங்கி வந்தார். ‘புதுப்பிக்கும் உரிமை உண்டு’ என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், அதோடு ‘சந்தை வாடகைக்கு’ என்ற சொற்களும் இருந்தால் வாடகை அளவில் அது பாதுகாப்பே தராது. 2024இல் அதே குறியீடு 1.9 விழுக்காடு இறங்கியபோது, பேசும் பலம் ஓரளவு வாடகைதாரர் பக்கம் திரும்பியது.

வீடு பிடித்தபின் முதலில் எழுதுவது எல்ஓஐ எனப்படும் விருப்பக் கடிதம். அதோடு ஒரு மாத வாடகையை நல்லெண்ணத் தொகையாகக் கொடுப்பது வழக்கம். பலர் இதைச் சம்பிரதாயமாக நினைத்துக் கையெழுத்திட்டு விடுகிறார்கள். நிபந்தனைகளைப் பேசுவதற்கான உண்மையான இடம் இந்தக் கடிதம்தான். “தம்பி, மெத்தை மாத்தணும், ஏசி கெமிக்கல் வாஷ் பண்ணணும், எது கேட்கிறதா இருந்தாலும் இப்பவே எழுதிடுங்க, பணம் போனப்புறம் யாரும் காது கொடுக்க மாட்டாங்க” என்று எங்கள் முகவர் அக்கா சொன்னதை, புதிதாக வரும் ஒவ்வொரு நண்பரிடமும் நான் அப்படியே சொல்லி வருகிறேன்.

ஒப்பந்தத்தில் வேலை அனுமதியில் வந்தவர்கள் கண் வைக்க வேண்டிய பிரிவு ‘டிப்ளமாட்டிக் கிளாஸ்’. வேலை போனாலோ, நிறுவனம் வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, இரண்டாண்டு ஒப்பந்தத்தை இடையிலேயே முடித்துக்கொள்ள இது வழி செய்கிறது. வழக்கமான வடிவத்தில், பன்னிரண்டு மாதங்கள் முடிந்தபின் இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆக, குறைந்தது பதினான்கு மாத வாடகை நம் பொறுப்பு. அப்படி வெளியேறினால், உரிமையாளர் தம் முகவருக்குக் கொடுத்த தரகில் மீதமுள்ள காலத்துக்கான பங்கை நாம் திருப்பித் தர வேண்டும் என்ற இன்னொரு பிரிவும் கூடவே இருக்கும். ஓராண்டு ஒப்பந்தத்தில் இந்தப் பாதுகாப்பைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆட்குறைப்பு நடந்த காலத்தில், இந்தப் பிரிவு இல்லாமல் கையெழுத்திட்ட ஒரு குடும்பம், நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருக்கும்போது, மீதி மாதங்களுக்கு மாற்று வாடகைதாரரைத் தேடி அலைந்ததை நேரில் பார்த்தேன். வேலை போனது ஒருபுறம், முன்பணம் போகுமோ என்ற கவலை மறுபுறம் என்று அவர்கள் பட்ட பாடு இன்னமும் மனத்தை உறுத்துகிறது.

முத்திரை வரியை வாடகைதாரரே கட்டுவது வழக்கம். நான்காண்டுக்கு மேற்படாத ஒப்பந்தங்களுக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, மாதம் 4,000 வெள்ளியில் இரண்டாண்டுக்கு 384 வெள்ளி ஆகும். சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். பின்னால் வழக்கு என்று வந்தால், முத்திரை வரி கட்டிய ஒப்பந்தமே சான்றாக ஏற்கப்படும் என்பதால் சான்றிதழைப் பத்திரப்படுத்துவது நல்லது. சிறு பழுதுகளில் ஒவ்வொன்றுக்கும் முதல் 150 முதல் 300 வெள்ளி வரை நம்முடையது என்றும், ஏசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாமே சர்வீஸ் செய்ய வேண்டும் என்றும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். ஒரு ரசீதையும் விடாமல் வைத்திருங்கள்.

சாவி வாங்கும் நாளை நாங்கள் விடுப்பு எடுத்தே செய்கிறோம். பொருட்பட்டியலில் ‘சோபா 1, நல்ல நிலை’ என்று ஒரு வரிதான் இருக்கும். அந்தச் சோபாவின் கைப்பிடியில் தோல் உரிந்திருப்பது அதில் இராது. தானா மேரா வீட்டில் அடுப்பை ஒட்டிய பளிங்கு மேடையில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் கறை ஒன்று இருந்தது. அலமாரிகளின் பின்பலகையில் பூஞ்சணம், படுக்கையறை மரத்தரையில் சன்னலோரம் தண்ணீர் பட்டுக் கறுத்த இரண்டு பலகைகள், இவற்றையும் சேர்த்துப் படமெடுத்து, அன்று மாலையே இரு முகவர்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்ததாகப் பதில் வாங்கிக்கொண்டோம்.

அந்த வீட்டைக் காலி செய்தபோது, வந்த முகவர் நேரே சமையலறைக்குப் போய் அந்தப் பளிங்கு மேடையைத்தான் முதலில் விரலால் தேய்த்துப் பார்த்தார். மெருகேற்ற 1,800 வெள்ளி, ஆணி அடித்த துளைகளுக்காக ஒரு அறை முழுவதும் வண்ணம் பூச இன்னொரு தொகை என்று கணக்கு வந்தது. மஞ்சள் கறையின் பழைய படத்தையும் மின்னஞ்சலையும் அனுப்பியதும் முதல் தொகை நீங்கியது. துளைகளை அடைத்துப் பூசும் செலவை நாங்கள் ஏற்றோம், அது நியாயம். இருந்தும் ஒப்பந்தத்தில் சொல்லியிருந்த 14 நாள் கடந்து, ஒரு மாதம் ஆகியும் மீதி முன்பணம் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் உரிமையாளர் பயணத்தில் இருப்பதாகவே பதில் வந்தது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யப்போவதாகத் தேதி குறித்து எழுதிய பிறகே பணம் கணக்கில் ஏறியது. இரண்டாண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தங்களின் பிணக்குகளை இந்த மன்றம் விசாரிக்கிறது; 2019 நவம்பர் முதல் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை கோரலாம்; வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை.

ஆனால் நாட்டைவிட்டே போகிறவர்களுக்கு இந்த மன்றம் எளிதில் எட்டாது. விமான டிக்கெட் கையில் இருக்கும் குடும்பம், சாமான்களைக் கப்பலில் ஏற்றிவிட்ட குடும்பம், இரண்டு மாத வாடகை அளவிலான முன்பணத்துக்காக இங்கே காத்திருக்க முடியுமா? கேட்ட தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 முதல், வீட்டு வாடகைக்கான முன்பணத்தை அரசு அங்கீகரித்த ஒரு திட்டத்தில் வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பிணக்கு வந்தால் அந்தத் திட்டமே சான்றுகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. முகவர்களைப் பதிவு செய்யவும், வாடகை விவரங்களைப் பொதுவில் வைக்கவும் இவ்வளவு சிறப்பாக ஏற்பாடு செய்திருக்கும் சிங்கப்பூர், முன்பணத்தை மட்டும் உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே விட்டுவைத்திருக்கிறது. அதையும் ஒரு மூன்றாம் தரப்பின் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு இங்கே வர வேண்டும்.