சூப்பர் ஹீரோ படத்துக்குப் பங்கு கேட்டு வருகிறார்கள்: நெல்லை, தென்காசி பக்கத்தினர் கவனத்துக்கு

வள்ளியூர், திசையன்விளை, ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் துபாய், சவூதியிலிருந்து திரும்பியவர்களையும் தேடிப் பிடித்து ஒரு கூட்டம் பேசிக்கொண்டிருக்கிறது. "பான் இந்தியா சூப்பர் ஹீரோ படம், நீங்களும் இணைத் தயாரிப்பாளர்" என்பதுதான் அவர்கள் கொண்டுவரும் சரக்கு. என் சித்தப்பா பத்து லட்சம் கொடுத்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணம். படம் வெளியாகியும் ஒரு ரூபாய் திரும்பவில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் கம்பெனி பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இருக்காது, அடுத்த தடவை வேறு பெயர்ப் பலகையோடுதான் வருவார்கள்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறவன். சித்தப்பா பணம் கட்டி ரொம்ப நாள் கழித்துத்தான் தாள்கள் என் கைக்கு வந்தன. அவற்றில் பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு ஓட்டல் ஹாலில் கூட்டம் போட்டிருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாடு, சால்வை, திரையில் படக்காட்சி என்று எல்லாம் உண்டு. மேடையில் ஹாலிவுட் படங்களின் வசூல் கணக்கை அடுக்கியிருக்கிறார்கள். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 280 கோடி டாலர் வசூல். அதே வருடம் 'ஜோக்கர்' 100 கோடி டாலரைத் தாண்டியது, செலவோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவை எல்லாம் உண்மைதான். மேடையில் பேசியவர் பொய்யே சொல்லவில்லை என்பதுதான் இந்த விவகாரத்தில் எனக்கு ஆத்திரமூட்டும் விஷயம்.

சொல்லாமல் விட்டவை இவை. 2024இல் அதே இயக்குநர், அதே நடிகரோடு 'ஜோக்கர்' இரண்டாம் பாகம் வந்தது. செலவு சுமார் 20 கோடி டாலர், உலக வசூலும் சுமார் 20 கோடி டாலர். 2023இல் வந்த 'தி மார்வெல்ஸ்' வசூலித்தது ஏறக்குறைய 20.6 கோடி டாலர், எடுக்க ஆன செலவு அதைவிட அதிகம். அதே வருடம் 'தி ஃப்ளாஷ்' 20 கோடி டாலருக்கு மேல் செலவில் எடுக்கப்பட்டு 27 கோடி சொச்சம் வசூலித்தது. ஏழு கோடி லாபம் என்று நம் ஊர்க் கணக்கில் தோன்றும். கிடையாது. வசூலில் பாதிக்குப் பக்கம் தியேட்டர்காரர்களோடு நின்றுவிடும், விளம்பரச் செலவு தனி. போட்டதைப் போல இரண்டரை மடங்காவது வசூலானால்தான் முதல் தேறும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. 'தி ஃப்ளாஷ்' நஷ்டப் படம்.

'பேட்கேர்ள்' கதை இன்னும் விசேஷம். சுமார் ஒன்பது கோடி டாலர் செலவழித்து, அநேகமாக முடியும் தறுவாயில் இருந்த படத்தை, வெளியிடுவதே இல்லை என்று 2022இல் அதை எடுத்த ஹாலிவுட் ஸ்டுடியோவே முடிவெடுத்துவிட்டது. நஷ்டமாக எழுதி வரியில் கழித்துக்கொள்வது அவர்களுக்கு மேல் என்று பட்டது. அவர்களால் அது முடியும். பத்து லட்சம் போட்ட ஓய்வூதியக்காரர் எந்த வரியில் கழிப்பார்?

கூட்டத்தில் யாரோ ஒருவர், "கடனை வாங்கியா படம் எடுக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஏஜெண்டு சொன்ன பதில்: "மார்வெல்காரனே கடன் வாங்கித்தான் அண்ணாச்சி ஆரம்பிச்சான்!" கைதட்டல்.

அதுவும் உண்மைதான். 1996இல் திவால் மனு கொடுத்த அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனி அது. சொந்தமாகப் படம் எடுக்க 2005இல் மெரில் லிஞ்ச் என்ற முதலீட்டு வங்கி வழியாக 52.5 கோடி டாலர் கடன் வசதிக்கு ஏற்பாடு செய்தார்கள். ஈடாக வைத்தது, தங்கள் கதாபாத்திரங்களின் திரைப்பட உரிமைகளை. 2008இல் 'அயர்ன் மேன்' ஓடியது, பிழைத்தார்கள். ஓடாமல் போயிருந்தால் கடன் கொடுத்தவர்கள் கையில் அந்த உரிமைகளாவது மிஞ்சியிருக்கும். வண்ணார்பேட்டை ஹாலில் பணம் கொடுத்தவர்கள் கையில் மிஞ்சியது சால்வை. அங்கே கடன் கொடுத்தவன் ஈட்டைப் பிடித்துக்கொண்டு கொடுத்தான். இங்கேயும் ஒருவர் அப்படிக் கொடுத்திருந்தார், அது சித்தப்பாவுக்குத் தெரியாது. அவரிடம் பிறகு வருகிறேன்.

ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில், முதலீட்டாளருக்கு 'நிகர லாபத்தில்' விகிதாச்சாரப் பங்கு என்று இருக்கிறது. நிகர லாபத்தை எப்படிக் கணக்கிடுவது என்பது கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில். அதன்படி டிக்கெட் பணத்தில் முதலில் ஜி.எஸ்.டி. போகும், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு அது 18 சதவீதம். அடுத்து உள்ளாட்சி கேளிக்கை வரி. மிச்சத்தில் தியேட்டர் பங்கு. அப்புறம் விநியோகஸ்தர் கமிஷன், அவர் முன்கூட்டிப் போட்ட விளம்பரச் செலவு. பிறகு ஃபைனான்சியரின் அசலும் வட்டியும். கிராபிக்ஸ் கம்பெனி பாக்கி. நடிகர் சம்பள பாக்கி. இத்தனைக்கும் பிறகு, கம்பெனி தனக்குத் தானே எடுத்துக்கொள்ளும் 'நிர்வாகச் செலவு', மொத்த பட்ஜெட்டில் பத்து சதவீதம். பட்ஜெட் ஏற ஏற இதுவும் ஏறும் என்பதைக் கவனியுங்கள். இதையெல்லாம் தாண்டி ஏதாவது இருந்தால் அதில் நமக்குப் பங்கு. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு உட்கார்ந்தவர்கள் நாம், முந்தின பந்தியில் எத்தனை பேர் என்பதையும் சொல்ல மாட்டார்கள்.

நிகர லாபம் என்ற ஏற்பாட்டில் சிக்கியவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. ஸ்பைடர்மேனை ஓவியர் ஸ்டீவ் டிட்கோவோடு சேர்ந்து உருவாக்கிய ஸ்டான் லீக்கே, திரைப்பட லாபத்தில் பத்து சதவீதம் என்று மார்வெலோடு ஒப்பந்தம் இருந்தது. 2002இல் வந்த 'ஸ்பைடர்மேன்' உலகம் முழுக்க 80 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. தனக்கு ஒன்றும் வரவில்லை என்று அதே வருடம் அவர் வழக்குப் போட்டார். 2005இல் ஒரு கோடி டாலருக்குச் சமரசமானது. அவருக்கு வக்கீல் வைக்க வசதியும் பெயரும் இருந்தன.

சரி, நம்ம படத்துக்கு வருவோம்.

தேரிக்காட்டில் கொஞ்சம், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே கொஞ்சம் என்று படப்பிடிப்பு நடந்தது. முதலீட்டாளர்களை வேனில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். கயிற்றில் தொங்குகிற கதாநாயகன், பின்னால் பச்சைத் துணி. சித்தப்பா சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தார்.

சூப்பர் ஹீரோ படத்தில் செலவு ஆரம்பிப்பதே படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. குடும்பப் படத்தில் கேமராவைக் கட்டி வைத்தால் பெரிய செலவு முடிந்தது, எடிட்டிங், டப்பிங், இசை என்று மிச்சத்தை ஓரளவு மதிப்புப் போட்டுவிடலாம். இதில் அப்படி முடியாது. கிராபிக்ஸுக்கு ஷாட் கணக்கில் பணம். பறக்கிற காட்சி சரியில்லை என்று இயக்குநர் சொன்னால் திரும்பச் செய்ய வேண்டும், கதையில் சின்ன மாற்றம் செய்தால் முடித்து வைத்த ஷாட்டுகள் குப்பைக்குப் போகும். ஹாலிவுட்டிலும் இதே பாடுதான். ஆனால் அவர்களுக்கு முட்டுக்கொடுக்க ஆள் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எடுத்தால், தகுதியான செலவில் 30 சதவீதம் வரை வரிச்சலுகையாகவே திரும்ப வரும். அது போக பொம்மை, உடை, விளையாட்டு என்று விற்கச் சரக்கு இருக்கும். நம் படத்தின் ஹீரோ பொம்மையை யார் வாங்குவார்?

முதலில் சொன்ன பட்ஜெட்டுக்கு மேல் போனதும், "சி.ஜி. வேலைக்கு ஆளுக்கு இன்னும் ரெண்டு லட்சம் போடுங்க, இல்லேன்னா போட்டதும் போயிரும்" என்று போன் வந்தது. சித்தப்பா போடவில்லை. சித்தி ஒரேயடியாக மறுத்துவிட்டார். போட்டவர்கள் உண்டு. முக்கூடலில் ஒருவர் மகளுக்கு வைத்திருந்த நகையை அடகு வைத்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் அந்த ஃபைனான்சியர் வருகிறார். சென்னையில் ஒருவரிடம் நாலு கோடி, மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள், அதுவும் வண்ணார்பேட்டைக் கூட்டத்துக்கு முன்பே. மாதம் பன்னிரண்டு லட்சம் வட்டி. ரிலீஸ் தள்ளிப்போன ஒவ்வொரு மாதமும் என் சித்தப்பாவின் முழுப் பணத்தையும் விழுங்கி மேலே ரெண்டு லட்சத்தையும் விழுங்கியது. ஃபைனான்சியர் தன் பாதுகாப்புக்கு வாங்கி வைத்திருந்தது லேப் லெட்டர். ஃபிலிம் காலத்தில், இவர் சம்மதமில்லாமல் பிரிண்ட் போட்டுத் தரமாட்டோம் என்று ஃபிலிம் கழுவும் லேப் கொடுக்கும் கடிதம் அது. இப்போது ஃபிலிம் இல்லை, பெயர் மட்டும் மாறவில்லை. தியேட்டருக்கு டிஜிட்டலில் படத்தை அனுப்பும் கம்பெனி, பாக்கி தீர்ந்தது என்று அவர் சொல்லாமல் படத்தைத் திறக்கிற சாவியை அனுப்பாது. ரிலீசுக்கு முந்தின ராத்திரி பஞ்சாயத்து என்று செய்தியில் படிக்கிறோமே, அது பெரும்பாலும் இதுதான்.

நம் படத்துக்கும் அந்தப் பஞ்சாயத்து நடந்தது. டி.கே. ஏரியா, அதாவது திருநெல்வேலி, கன்னியாகுமரி விநியோக உரிமையையும் ஓ.டி.டி.க்குப் பேசி வைத்திருந்ததையும் ஃபைனான்சியருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் படத்தை வெளியே கொண்டுவந்தார்கள். காலைக் காட்சி ரத்து, மத்தியானம்தான் ஓடியது. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்து ஸ்கிரீன்களில் வேறு படம். பிறகு தபாலில் ஒரு தாள் வந்தது: நிகர லாபம் இல்லை, ஆகவே பங்கு இல்லை.

படம் ஓடாததற்கு நான் சண்டை போடவில்லை. சினிமா ஓடும், ஓடாது. எங்களுக்கு முன்னால் நாலு கோடி வரிசையில் நிற்கிறது என்பதை மறைத்துப் பணம் வாங்கியது மோசடி. அதைவிட, ஏஜெண்டு கொடுத்த ரசீதில் '18 மாதத்தில் அசலுடன் 24 சதவீதம் உறுதி' என்று அச்சடித்திருக்கிறது. கேட்டால், அந்த ரசீது எங்களுடையது இல்லை என்கிறது கம்பெனி. பணம் மட்டும் அவர்கள் கணக்குக்கே போயிருக்கிறது.

இப்போதும் யாராவது உங்களைக் கூப்பிட்டால், பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். கூட்டம் போட்டு, நோட்டீஸ் அடித்துப் பங்கு விற்கவும் கூடாது. கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் அந்தக் கம்பெனியின் அடமானப் பதிவுகளைப் பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் கம்பெனியின் பதிவேடு அப்பழுக்கில்லாமல் இருந்தது, தனியார் ஃபைனான்சியர் அங்கே தெரியவே இல்லை. லேப் லெட்டர் யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், எவ்வளவுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வார்கள், எழுதித் தர மாட்டார்கள்.

ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கு: உறுதியான வருமானம் என்று எழுதிய ரசீது இருந்தால், தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997இன் கீழ்ப் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். திருநெல்வேலியிலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. நாங்கள் அங்கேதான் கொடுத்திருக்கிறோம். ஒப்பந்தம், ரசீது, வங்கி ஸ்டேட்மெண்ட் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டு அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள், போன் மாற்றுவதற்கு முன் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். 'கணக்கை முடிக்க' என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டு இப்போது வீடு வீடாக வருகிறார்கள். அது, எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதித் தருகிற தாள். கையெழுத்துப் போட வேண்டாம்.