ஹேட்ரியன் சுவரா, லேக் டிஸ்ட்ரிக்டா? ஏரி, நடை, ரோமன் இடிபாடு மூணும் வேணும்னா எங்க போகலாம்

வட இங்கிலாந்துக்கு லீவுல போறவங்க நிறைய பேர் ஹேட்ரியன் சுவர் (ரோமானியர் எல்லைக் காவலுக்குக் கட்டின நீளமான கல் சுவர்), லேக் டிஸ்ட்ரிக்ட் (ஏரியும் மலையுமா இருக்கிற பகுதி), இந்த ரெண்டுக்கும் நடுவுல தான் குழம்புறாங்க. ஏரியும் வேணும், ஷூ போட்டு நல்லா நடக்கவும் வேணும், ரோமன் காலத்து கட்டடமும் பாக்கணும். ரெண்டு இடமும் மேப்ல கிட்டக்கிட்ட தான் இருக்கு, ஆனா போய்ப் பாத்தா கிடைக்கிற அனுபவம் வேற வேற. என் பதில முதல்லயே சொல்லிடறேன்: மூணும் ஒரே நடையில சேர்ந்து வரணும்னா ஹேட்ரியன் சுவரோட நடுப்பகுதி தான், அதுக்கு ஈடா நான் வேற எதையும் சொல்ல மாட்டேன். ஏரி தான் முக்கியம், ரோமன் சமாச்சாரம் ஒண்ணு ரெண்டு இருந்தா போதும்னா லேக் டிஸ்ட்ரிக்ட்.

சுவர் கட்ட ஆரம்பிச்சது கி.பி. 122ல, ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்த வருஷம். கிழக்குக் கடல்ல இருந்து மேற்குக் கடல் வரைக்கும் கிட்டத்தட்ட 117 கிலோமீட்டர். முழுசா நடக்கிறவங்களுக்கு 84 மைல்ல ஒரு நேஷனல் டிரெயில், அதாவது அரசு குறிச்சு வச்ச நடைபாதை, இருக்கு, ஆனா அதுல ரெண்டு ஓரமும் சுமார் தான், சுவரே கண்ணுல படாத இடம் தான் அங்க அதிகம். கல்லைப் பேத்து எடுத்து பண்ணை வீடு, சர்ச், ரோடுன்னு எல்லாத்துக்கும் போட்டுட்டாங்க. நடுப்பகுதியில இவ்ளோ மிஞ்சி இருக்குன்னா அதுல பெரிய பங்கு ஜான் கிளேட்டன்கிற மனுஷனுக்கு, 19ம் நூற்றாண்டுல சுவர் போற நிலத்த கொஞ்சம் கொஞ்சமா விலைக்கு வாங்கி கல்லை எடுக்க விடாம காப்பாத்தினார்.

அந்த நடுப்பகுதியில ஸ்டீல் ரிக் கார் பார்க்ல இருந்து ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வரைக்கும் ஒரு மூணு மைல் நடை. தூரம் கம்மின்னு நினைச்சு செருப்போட போயிடாதீங்க, செங்குத்தா இறங்கி மறுபடி ஏறணும், கல் படி மழையில வழுக்கும். ஒரு பக்கம் சுவர், அதுக்குக் கீழ நேரா பாறை விளிம்பு, அதுக்கும் கீழ கிராக் லாக்னு ஒரு ஏரி கருநீலமா கிடக்கும். இங்க வந்து நின்னா தான் சுவர் ஏன் இந்த வழியில போகுதுன்னு சட்டுனு புரியும், வடக்க இருந்து வர்றவன் முதல்ல தண்ணியையும் சதுப்பையும் தாண்டணும், அப்புறம் பாறைய ஏறணும், அதுக்கப்புறம் தான் சுவர். ஏரி, நடை, இடிபாடுன்னு மூணு தனித்தனி விஷயமாவே இல்ல இங்க, ஒண்ணு இன்னொண்ண விளக்குது. வழியில தான் ஒரு பள்ளத்துல தனியா நின்ன, ரொம்பப் பிரபலமான சிக்கமோர் கேப் மரம் இருந்துச்சு, 2023 செப்டம்பர்ல ராத்திரியோட ராத்திரியா வெட்டிட்டாங்க, இப்பவும் அந்தப் பள்ளத்துல நின்னா மனசு கனக்குது.

ஹவுஸ்டெட்ஸ்ல எல்லாரும் வியூவ போட்டோ எடுத்துட்டு கிளம்பிடறாங்க, தயவுசெஞ்சு தென்கிழக்கு மூலைக்குப் போங்க, கோட்டையிலயே தாழ்வான இடம் அது. படைவீரர்களோட பொதுக் கழிப்பறை இருக்கு. உக்கார்ற பலகை போயிடுச்சு, ஆனா கீழ ஓடற ஆழமான வாய்க்கால், முன்னாடி கழுவிக்கிறதுக்கு ஓடின சின்ன கல் வாய்க்கால், பக்கத்துல மழைத்தண்ணி சேர்த்த கல் தொட்டி எல்லாம் அப்படியே இருக்கு. மேல பெய்யற மழை சரிஞ்சு வந்து இங்க அடிச்சுட்டுப் போற மாதிரி வச்சிருக்காங்க. தானியக் கிடங்குல தரைய தாங்கின குட்டை குட்டை கல் தூண் வரிசையையும் விட்டுடாதீங்க, ஈரம் ஏறாம காத்து போறதுக்காக.

அப்புறம் விண்டோலாண்டா. சுவர்ல இருந்து கொஞ்சம் தெற்க, சுவரையே விட பழைய கோட்டை. காத்து புகாத ஈர மண்ணுல மரம், தோல் எல்லாம் மக்காம கிடைச்சிருக்கு, செருப்பு மட்டுமே ஆயிரக்கணக்குல. 1973ல மெல்லிசா சீவின மரத் தகடுல மையால எழுதின கடிதங்கள் கிடைக்க ஆரம்பிச்சது, ஒரு அதிகாரியோட மனைவி இன்னொரு அதிகாரியோட மனைவிய பிறந்தநாளுக்குக் கூப்பிட்ட கடிதம் கூட இருக்கு. எனக்கு அதை விட பெருசு ஒரு கணக்குச் சீட்டு, அதுல மிளகு வாங்கினதுக்கு 2 டினாரியஸ்னு (ரோமன் வெள்ளிக் காசு) எழுதியிருக்கு. அந்தக் காலத்துல ரோமுக்கு மிளகு போனது மலபார் கரையில இருந்து, முசிறியில யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட போனத நம்ம அகநானூறு சொல்லுது. அந்த மிளகு இந்தக் குளிர் காட்டுல ஒரு சிப்பாய் சாப்பாடு வரைக்கும் வந்து சேந்திருக்குன்னு அங்க நின்னு யோசிச்சா புல்லரிக்குது.

சரி, லேக் டிஸ்ட்ரிக்ட். ஏரின்னா இங்க தான், அதுல போட்டியே இல்ல. சுவர் பக்கம் இருக்கிற ஏரியெல்லாம் சின்னது, படகு, ஏரிக்கரை டீக்கடை, நடந்து முடிச்சு கால் நனைக்கிறதுன்னு எதுவும் எதிர்பாக்க முடியாது. இங்க விண்டர்மியர் இங்கிலாந்துலயே பெரிய ஏரி, வாஸ்ட்வாட்டர் ஆழமான ஏரி. பட்டர்மியர சுத்தி வர்ற நாலரை மைல் நடை பெரும்பாலும் சமதளம், பசங்களோட, வயசான அப்பா அம்மாவோட போறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது அதைத் தான்.

ஆனா ரோமன் விஷயத்துல இங்க சிதறிக் கிடக்கு. ஆம்பிள்சைட்ல விண்டர்மியரோட வட முனையில கலாவா கோட்டை இருக்கு, காசில்லாம பாக்கலாம், ஆனா புல்லுக்குள்ள முழங்கால் உயரத்துக்கு அடித்தளக் கல் தான். மத்த எல்லாத்துக்கும் ஈடு கட்டற மாதிரி ஒண்ணே ஒண்ணு இருக்கு, ஹார்ட்னாட். எஸ்க்டேல் பள்ளத்தாக்குக்கு மேல கிட்டத்தட்ட 245 மீட்டர் உயரத்துல, ஹேட்ரியன் காலத்துலயே கட்டின கோட்டை. அங்க காவல் இருந்தது டால்மேஷியாவுல இருந்து வந்த படைப்பிரிவு, அதாவது இன்னைக்கு குரோஷியா இருக்கிற பக்கம். இந்தக் கோட்டைச் சுவர்ல ஒரு மெல்லிய ஸ்லேட் கல் வரி ஓடும், அதுக்குக் கீழ இருக்கிறது ரோமானியர் கட்டினது, மேல இருக்கிறது பின்னாடி திருப்பி அடுக்கினது, அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சது. தனிமைன்னு பாத்தா ஹவுஸ்டெட்ஸ விட இது ஒரு படி மேல, சுத்தி ஸ்காஃபெல் மலைத்தொடர், கீழ பச்சைப் பள்ளத்தாக்கு, தூரத்துல கடல்.

போறது தான் கஷ்டம். ஹார்ட்னாட் பாஸ் ரோடு சில இடத்துல மூணுக்கு ஒண்ணு சரிவு, ஒத்தைக் கார் போற அகலம், மலை ரோடு ஓட்டிப் பழகாதவங்க முயற்சி பண்ண வேணாம், பனிக்காலத்துல யாருமே வேணாம். அதுக்குப் பதிலா ரேவன்கிளாஸ்ல இருந்து குட்டி ரயில் 7 மைல் உள்ள போகும், அது நிக்கிற டேல்கார்த்ல இருந்து மூணு, மூணரை மைல் நடந்தா கோட்டை. ரேவன்கிளாஸ்லயே ரோமன் குளியல் வீடு ஒண்ணு, சுவர் ஆளுயரத்தையும் தாண்டி நிக்குது, ரயிலுக்கு முன்னாடியே பாத்துடலாம்.

கார் இல்லாதவங்களுக்கு ஹேட்ரியன் சுவர் பக்கம் எவ்வளவோ பரவாயில்ல. நியூகாஸில் கார்லைல் ரயில்ல ஹால்ட்விசில்ல இறங்கி ஏடி122 பஸ் பிடிக்கணும், சுவர் ஆரம்பிச்ச வருஷமே பஸ் நம்பர். சீசன்ல தான் அடிக்கடி ஓடும், டைம்டேபிள் பாத்துட்டு கிளம்புங்க. முழுப் பாதையும் நடக்கிறவங்க வழியில முத்திரை வாங்கிக்கிற அட்டை தான் டிரெயில் பாஸ்போர்ட், அதுல முத்திரை குத்தறது மே 1ல இருந்து அக்டோபர் 31 வரைக்கும் தான், ஈர மண்ணுல நிறைய பேர் நடந்தா மண்ணுக்கு அடியில இருக்கிறது கெட்டுப் போகுங்கிறதால. சுவர் மேல ஏறி நிக்காதீங்க, இத கெஞ்சிக் கேக்கறேன்.

சிலர் இத்தாலி கார்டா ஏரிய சொல்லுவாங்க. சிர்மியோனே முனையில ஏரிக்கு மேல, ஆலிவ் மரத்துக்கு நடுவுல இருக்கிற ரோமன் வில்லா அழகு தான், வெயிலும் உண்டு. ஆனா நடந்து போய் ஒரு கோட்டைய கண்டுபிடிக்கிற சுகம் அங்க இல்ல, கோடைல கூட்டமும் நெருக்கித் தள்ளும்.

நாலு நாள் கையில இருந்தா ரெண்டையும் சேக்கலாம். முதல் ரெண்டு நாள் ஹால்ட்விசில்ல தங்கி ஒரு நாள் ஸ்டீல் ரிக், ஹவுஸ்டெட்ஸ், மறுநாள் முழுக்க விண்டோலாண்டா. அப்புறம் ரயில்ல கார்லைல் மாறி, கடலோரமா போற லைன்லயே ரேவன்கிளாஸ். ஹார்ட்னாட்டுக்கு ஒரு முழு நாள் விடுங்க, மழை ஜாக்கெட் பைல இருக்கட்டும், டேல்கார்த்ல இருந்து திரும்பற கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு கிளம்பும்போதே கேட்டு வச்சுக்கோங்க.