வாட்கின்ஸ் க்ளென்னா, லெட்ச்வொர்த்தா?

நியூஜெர்சியிலிருந்து நயாகராவுக்குக் கிளம்பும் நம்மவர்கள், போகிற வழியில் பார்க்க ஓர் இடத்தைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் அது வாட்கின்ஸ் க்ளென்தான். லெட்ச்வொர்த் என்றால் பலருக்கும் தெரிவதில்லை. இரண்டுமே நியூயார்க்கின் ஸ்டேட் பார்க்குகள், வாட்கின்ஸ் க்ளென் 1906-இலும் லெட்ச்வொர்த் 1907-இலும் மாநில அரசின் கைக்கு வந்தவை. ஒரே நாளில் இரண்டையும் அடக்கப் பார்த்தால் காரில்தான் பொழுது போகும். ஒன்றுதான் என்றால் என் ஓட்டு லெட்ச்வொர்த்துக்கு.

வாட்கின்ஸ் க்ளென்னின் அழகைக் குறைசொல்ல வழியில்லை. இரண்டு மைலுக்குள் 19 அருவிகள். இருபுறமும் 200 அடி உயரப் பாறைச் சுவர்கள், நடுவே கல் பாதை. ஓரிடத்தில் அருவிக்குப் பின்னால் புகுந்தே நடக்கலாம்; சட்டை நனையும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அரை நாள் போதும். சிக்கல் அந்த 832 படிகள். ஈரத்தில் வழுக்கும், ஸ்ட்ரோலர் ஏறாது. முழங்கால் வலியோடு ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா கீழேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குளிர்காலத்தில் பள்ளத்தாக்குப் பாதையையே மூடிவிடுவார்கள்.

லெட்ச்வொர்த்தில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தாலே, அங்குள்ள மூன்று பெரிய அருவிகளில் 107 அடி உயர நடு அருவி கண்முன் நிற்கும். பெரியவர்களும் பார்க்கலாம். கால் வலு உள்ளவர்கள் கீழ் அருவிக்குப் படியிறங்கலாம், ஜெனசி ஆற்றில் ராஃப்டிங் போகலாம், வெப்பக்காற்று பலூனில் ஏறலாம். பள்ளத்தாக்கு 17 மைல் நீளம் என்பதால் கூட்டமும் பரவிவிடுகிறது.

ஆனால் நான் இதைத் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் அங்குள்ள வரலாறு. மேரி ஜெமிசன் என்ற வெள்ளைக்காரச் சிறுமியின் குடும்பத்தை 1750-களில் நடந்த போரில் கொன்றுவிட்டு, அவளைப் பிடித்துச் சென்றார்கள். செனகா பழங்குடிப் பெண்கள் அவளைத் தத்தெடுத்தார்கள். பின்னாளில் திரும்பிப் போக வாய்ப்பு வந்தபோதும் அவர் போகவில்லை. மணமுடித்து, பிள்ளை பெற்று, செனகா பெண்ணாகவே 1833-இல் இறந்தார். அவருடைய கல்லறை இங்கேதான் இருக்கிறது. அதன்மேல் குழந்தையை முதுகில் சுமந்து நடக்கும் அவரது வெண்கலச் சிலை. பக்கத்திலேயே செனகாக்கள் கூடிப் பேசிய மரக்கட்டைச் சபைக் கூடம். சிலையையும் கூடத்தையும் பார்க்காமல் அருவியோடு திரும்பிவிடாதீர்கள்.

இவற்றையெல்லாம் காப்பாற்றி வைத்தவர் வில்லியம் லெட்ச்வொர்த் என்ற பஃபலோ தொழிலதிபர். 1859-இல் இங்கே நிலம் வாங்கினார். மின்சாரத்துக்காக ஆற்றில் அணை கட்டும் திட்டம் வந்தபோது, அருவிகள் போய்விடக்கூடாது என்று 1,000 ஏக்கரை அரசுக்கே எழுதிக் கொடுத்தார். நடு அருவியைப் பார்த்தபடி நிற்கும் அவருடைய வீடு இப்போது தங்கும் விடுதி. மேல் அருவிக்கு மேலே போகும் ரயில் பாலத்துக்கும் கதை உண்டு: 1852-இல் கட்டிய மரப்பாலம் 1875-இல் எரிந்துபோனது, அடுத்து வந்த இரும்புப் பாலத்துக்குப் பதிலாக 2017-இல் புது வளைவுப் பாலம் திறந்தார்கள்.

உங்கள் கையில் மூன்று மணி நேரம்தான், கூட வருபவர்கள் எல்லாரும் இளவட்டம் என்றால் வாட்கின்ஸ் க்ளென் போங்கள். மற்றபடி லெட்ச்வொர்த்துக்கு முழு நாள் ஒதுக்குங்கள், முடிந்தால் மரங்கள் நிறம் மாறும் அக்டோபரில். ஜிபிஎஸ்ஸில் காஸ்டைல் வாசலைப் போடுங்கள். பெரிய அருவிகள் மூன்றும் பூங்காவின் தென்கோடியில் இருக்கின்றன. வடக்கே மவுண்ட் மோரிஸ் வழியாக நுழைந்தால் அவற்றைப் பார்க்க நெடுந்தூரம் ஓட்ட வேண்டியிருக்கும்.